குழந்தையின் மௌனத்தைப் படித்த டாக்டர்
லியோ கானரின் வாழ்க்கை வரலாறு

1938-ம் ஆண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. அது சாதாரணக் கடிதம் அல்ல. தட்டச்சு செய்யப்பட்ட 33 பக்கங்கள். மிசிசிப்பி மாநிலத்தின் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த வக்கீல் ஒருவர், தம் ஐந்து வயது மகனைப் பற்றி எழுதியிருந்தார்.

மகனின் பெயர் டொனால்டு. ஒரு வயதிலேயே பாட்டுகளைச் சுருதி பிசகாமல் முணுமுணுத்தவன். இரண்டு வயதில் பைபிளின் 23-வது சங்கீதத்தை மனப்பாடமாக ஒப்பித்தவன். நூறு வரை எண்ணுவான். ஆங்கில எழுத்துகளை முன்னும் பின்னுமாகச் சொல்வான். ஆனால் பெற்ற தாய் அழைத்தால் திரும்பிப் பார்க்க மாட்டான். தகப்பனார் வேலையிலிருந்து வீடு திரும்பினால் அவனுக்கு அது ஒரு செய்தியே அல்ல. தட்டுகளையும் மரக் கட்டைகளையும் தரையில் சுழலவிட்டு, அவை சுழல்வதைக் கண்டு துள்ளிக் குதிப்பான். தனியே விட்டால் ஆனந்தம். யாராவது குறுக்கிட்டால் கோபம்.

இந்தக் குழந்தைக்கு என்ன? உள்ளூர் டாக்டர்களால் சொல்ல முடியவில்லை. இடம் மாற்றினால் குணமாகலாம் என்ற யோசனையின் பேரில், ஏறக்குறைய ஓராண்டு காலம் பெற்றோரிடமிருந்து பிரித்து ஒரு நிலையத்தில் வைத்திருந்தார்கள். பலன் இல்லை. கடைசியில்தான் அந்தக் கடிதம் பால்டிமோருக்கு வந்தது.

கடிதத்தைக் கையில் எடுத்தவர் டாக்டர் லியோ கானர். பக்கங்கள் அதிகம் என்று அவர் ஒதுக்கவில்லை. ஒரு தகப்பன் இவ்வளவு எழுதுகிறான் என்றால் அதில் விஷயம் இருக்கும் என்று வரி விடாமல் படித்தார். அன்று அவர் படித்த கடிதம்தான், ஆட்டிசம் என்று உலகம் இன்று அறிந்துள்ள நிலையைப் பற்றிய ஆராய்ச்சியின் முதல் ஏடாக அமைந்தது.

கவிஞராக ஆசைப்பட்டவர்

லியோ கானர் 1894-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி பிறந்தார். பிறந்த ஊர் பிராடி நகருக்கு அருகில் உள்ள கிளெகோடிவ் என்ற சிற்றூர். அப்போது அது ஆஸ்திரிய - ஹங்கேரி சாம்ராஜ்யத்தில் இருந்தது. இன்று உக்ரைன் நாட்டில் இருக்கிறது. யூதக் குடும்பம். தகப்பனார் சமய நூல்களில் ஆழ்ந்தவர். எதைப் படித்தாலும் மறக்காதவர். பெற்றோர் வைத்த பெயர் சாஸ்கெல் லைப். அந்தப் பெயர் பையனுக்குப் பிடிக்கவில்லை. பின்னாளில் லியோ என்று தாமே மாற்றிக்கொண்டார்.

12-வது வயதில் ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் இருந்த மாமா வீட்டுக்குப் படிக்கச் சென்றார். இளமையில் அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. கவிஞர் ஆகவேண்டும். எழுதிய கவிதைகளைப் பிரசுரிக்க யாரும் முன்வரவில்லை. எனவே பெர்லின் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்.

இடையில் முதல் உலக யுத்தம் வந்தது. ஆஸ்திரிய ராணுவத்தின் மருத்துவப் பிரிவில் பணியாற்ற நேர்ந்தது. யுத்தம் முடிந்ததும் படிப்பைத் தொடர்ந்து, 1921-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் திருமணமும் நடந்தது. அவர் முதலில் செய்த ஆராய்ச்சி குழந்தைகளைப் பற்றியதும் அல்ல. மனத்தைப் பற்றியதும் அல்ல. இதயத்தைப் பற்றியது.

யுத்தத்துக்குப் பின் ஜெர்மனியில் பணத்தின் மதிப்பு சரிந்தது. சம்பளம் வாங்கிக் கடைக்குப் போவதற்குள் விலை ஏறிவிடும் காலம் அது. பெர்லினுக்குப் படிக்க வந்திருந்த ஓர் அமெரிக்க டாக்டரின் நட்பு கானருக்குக் கைகொடுத்தது. அவர் உதவியால் தெற்கு டகோடா மாநிலத்தில், யாங்க்டன் என்ற ஊரில் உள்ள சர்க்கார் மனநோய் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. 1924-ல் மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் கப்பல் ஏறினார்.

புதிய நாடு, புதிய மொழி. மனநோய் மருத்துவத்தில் முறையான பயிற்சியும் கிடையாது. நோயாளிகளிடமிருந்தே கற்றுக்கொண்டார். ஒவ்வொருவரின் வாழ்க்கைக் கதையையும் உட்கார்ந்து கேட்டு எழுதி வைப்பது அங்கேதான் அவருக்குப் பழக்கமாயிற்று. அவருடைய முதல் புத்தகமும் விசித்திரமானது. பல்லைப் பற்றி உலக மக்களிடையே வழங்கும் நம்பிக்கைகளையும் வழக்கங்களையும் திரட்டி எழுதியது. 1928-ல் வெளிவந்தது.

குழந்தை ஆஸ்பத்திரிக்குள் மனநல மருத்துவம்

அதே 1928-ல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மனநோய்ப் பிரிவின் தலைவரான புகழ்பெற்ற டாக்டர் அடால்ப் மேயர் அவரைப் பால்டிமோருக்கு அழைத்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகளில் கானரின் வாழ்க்கை திசை திரும்பியது.

அங்கே ஹாரியட் லேன் இல்லம் என்ற குழந்தைகள் ஆஸ்பத்திரி இருந்தது. அதன் தலைவர் டாக்டர் எட்வர்ட்ஸ் பார்க். தம்மிடம் வரும் குழந்தைகளில் பலருக்குக் காய்ச்சலோ இருமலோ காரணம் அல்ல, மனமும் வளர்ச்சியுமே காரணம் என்பதை அவர் கண்டார். குழந்தை வைத்தியர்களுக்கு இந்த விஷயத்தைக் கற்றுத்தர ஆள் வேண்டும். மேயரும் பார்க்கும் சேர்ந்து 1930-ல் கானரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதில் ஒரு முக்கியமான அம்சம் உண்டு. அதுவரை மனநோய் மருத்துவம் தனிக் கட்டடத்தில், பூட்டிய கதவுகளுக்குள் நடந்து வந்தது. கானரின் பிரிவோ சாதாரணக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குள்ளேயே அமைந்தது. தடுப்பூசி போடவும், எடை பார்க்கவும், வயிற்றுவலிக்கு மருந்து வாங்கவும் வரும் அதே இடம். குழந்தையை முதன்முதலில் பார்ப்பவர் மனநோய் நிபுணர் அல்ல, குழந்தை வைத்தியர்தான். ஆகவே அவருடைய கண்ணைத்தான் முதலில் திறக்க வேண்டும் என்பது கானரின் உறுதியான எண்ணம்.

அந்த எண்ணத்தில் பிறந்ததே 1935-ல் அவர் வெளியிட்ட குழந்தை மனநல மருத்துவப் பாடநூல். ஆங்கிலத்தில் இத்துறைக்கு வந்த முதல் பாடநூல் அதுவே. மேயரும் பார்க்கும் அதற்கு முன்னுரை எழுதினார்கள். கானர் உயிரோடு இருந்தபோதே அது நான்கு பதிப்புகள் கண்டது.

ஊமைகளுக்காகப் பேசியவர்

கானர் ஆஸ்பத்திரி அறையோடு நின்றுவிட்டவர் அல்லர். 1937-ல் அவர் வெளியிட்ட ஒரு விவரம் பால்டிமோர் நகரையே உலுக்கியது. மனவளர்ச்சி குன்றியவர்களுக்கென ரோஸ்வுட் என்ற சர்க்கார் இல்லம் அங்கு இருந்தது. அதிலிருந்த பெண்கள் பலரை ஆட்கொணர்வு மனு மூலம் கோர்ட்டு உத்தரவு பெற்று வெளியே கொண்டுவந்தார் ஒரு வக்கீல். சுதந்திரத்துக்காக அல்ல. பணக்கார வீடுகளில் கூலி இல்லாத வேலைக்காரிகளாக்குவதற்காக! வேலை பிடிக்காதபோது அந்தப் பெண்கள் தெருவில் விடப்பட்டார்கள். நோயிலும் சிறையிலும் விபசார விடுதியிலும் அவர்கள் வாழ்வு சீரழிந்தது. ஒவ்வொருவராகத் தேடிக் கண்டுபிடித்து, நடந்ததைக் கானர் அம்பலப்படுத்தினார்.

ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத டாக்டர்கள் பலருக்கு அமெரிக்காவில் இடம் தேடித் தந்தார். அவர்களில் ஒருவர் வியன்னாவைச் சேர்ந்த டாக்டர் ஜார்ஜ் பிராங்கிள். பால்டிமோருக்கு வந்த டொனால்டைக் கூட இருந்து கவனித்தவர்களில் இவரும் ஒருவர்.

மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைக் கருணையின் பெயரால் கொன்றுவிடலாம் என்று ஓர் அமெரிக்க நிபுணர் வாதாடியபோது, 1942-ல் அதே மருத்துவப் பத்திரிகையில் அதை எதிர்த்து எழுதினார் கானர். சமூகம் உதவாக்கரை என்று ஒதுக்குபவர்கள்தான் அந்தச் சமூகத்தின் துணியை வெளுக்கிறார்கள், குப்பையை அள்ளுகிறார்கள் என்று எடுத்துக்காட்டினார்.

பதினொரு குழந்தைகள்

டொனால்டுக்குப் பிறகு, அவனைப் போன்ற வேறு குழந்தைகளும் கானரிடம் வந்தார்கள். நான்கு ஆண்டுகளில் மொத்தம் பதினொரு பேர். எட்டு ஆண், மூன்று பெண். 1943-ல் இவர்களைப் பற்றிய நீண்ட கட்டுரையைப் பிரசுரித்தார்.

இந்தக் குழந்தைகளில் எட்டுப் பேர் பேசினார்கள். மூன்று பேர் பேசவே இல்லை. பேசியவர்களும் பேச்சை மற்றவரோடு உறவாடப் பயன்படுத்தவில்லை. கேட்ட கேள்வியையே திருப்பிச் சொன்னார்கள். நான் என்று சொல்லவேண்டிய இடத்தில் நீ என்றார்கள். தினசரி வழக்கம் துளி மாறினாலும் தாங்கமாட்டார்கள். பொருள்களிடம் பிரியம்; மனிதர்களிடம் பாராமுகம். சிலருக்குக் காது கேட்கவில்லை என்றே பெற்றோர் நம்பியிருந்தார்கள்.

அன்றைய டாக்டர்கள் இத்தகைய குழந்தைகளுக்கு மந்தபுத்தி என்றோ, சிறுவயதுப் பைத்தியம் என்றோ பெயர் சூட்டினார்கள். கானர் இரண்டையும் மறுத்தார். மனம் பேதலித்தவன், ஒரு காலத்தில் இருந்த உலகத்தை விட்டு விலகிப் போகிறான். இந்தக் குழந்தைகளோ பிறந்தது முதலே தனித்திருப்பவர்கள். இதற்கு அவர் ஒரு நுட்பமான சான்று காட்டினார். தாய் கை நீட்டினால், தூக்கப் போகிறாள் என்று நான்கு மாதக் குழந்தைக்கே தெரியும், உடம்பைத் தயார்ப்படுத்திக்கொள்ளும். இந்தக் குழந்தைகள் அப்படிச் செய்யவில்லை என்று தாய்மார்கள் நினைவுகூர்ந்தார்கள். ஆகவே இது பிறவியிலேயே வரும் நிலை என்பது அவர் முடிவு.

சுவிட்சர்லாந்து டாக்டர் பிளாய்லர் வேறொரு நோயின் அறிகுறிக்கு வைத்த ஆட்டிசம் என்ற சொல்லைக் கானர் எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு, 1944-ல், குழந்தை வைத்தியர்கள் படிக்கும் பத்திரிகையிலேயே இதைப் பற்றி மீண்டும் எழுதினார். முதலில் தெரியவேண்டியவர்களுக்குத் தெரியட்டும் என்பதே நோக்கம்.

இத்தகைய குழந்தைகளைக் கவனித்தவர் அவர் ஒருவர்தான் என்று சொல்வதற்கில்லை. ரஷ்யாவில் டாக்டர் குருன்யா சுகரேவா என்ற பெண்மணி 1920-களிலேயே எழுதியிருக்கிறார். வியன்னாவில் டாக்டர் ஆஸ்பெர்கர் 1944-ல் எழுதினார். ஆனால் உலக மருத்துவர்களின் கவனத்தை இதன்பால் திருப்பியது கானரின் கட்டுரையே.

ஒரு பெரும் பிழை

பெரியவர்களின் வாழ்க்கையிலும் சறுக்கல் உண்டு. அதை மறைப்பது வரலாறு ஆகாது.

1941-ல் தாய்மார்களுக்குப் பரிந்து ஒரு புத்தகம் எழுதியவர் கானர். நிபுணர்களின் அதட்டலைக் கேட்டு அஞ்சவேண்டாம், உங்கள் அறிவை நம்புங்கள் என்பது அதன் சாரம். அதே கானர், தம்மிடம் வந்த பெற்றோர்களில் பலர் அதிகம் படித்தவர்களாகவும், உணர்ச்சியை வெளிக்காட்டாதவர்களாகவும் இருப்பதாகக் குறிப்பிட்டார். வசதியும் படிப்பும் உள்ளவர்கள்தான் அவ்வளவு தொலைவு பயணம் செய்து அவரிடம் வர முடிந்தது என்பதை அப்போது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பின்னர் எழுதியவற்றில், பிள்ளைகள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கப்பட்டவர்கள் போல் வளர்ந்தார்கள் என்ற பொருள்படவும் சொல்லிவிட்டார்.

பொறி சிறிது, தீ பெரிது. தாயின் அன்புக் குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்ற கருத்து நாடெங்கும் பரவியது. புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-ல் வெளியிட்ட புத்தகம் அதைப் பாமர மக்கள் வரை கொண்டு சென்றது. பேசாத பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுத தாய்மார்கள், குற்றவாளிகளாகவும் நிறுத்தப்பட்டார்கள்.

இதை எதிர்த்து எழுந்தவர் பெர்னார்டு ரிம்லண்ட் என்ற உளவியல் அறிஞர். அவருடைய மகனுக்கும் ஆட்டிசம் இருந்தது. இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது, வளர்ப்பின் குற்றம் அல்ல என்று 1964-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு முன்னுரை எழுதித் தந்தவர் வேறு யாரும் அல்ல, கானரேதான். 1969-ல் வாஷிங்டனில் ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர் கூடிய மாநாட்டில், 75 வயதுக் கானர் மேடையேறினார். இது பிறவியில் வருவது என்று தாம் முதலிலேயே எழுதியதை நினைவூட்டி, பெற்றோர்கள் மீது குற்றம் இல்லை என்று பகிரங்கமாக அறிவித்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

1977-ல் இரட்டைக் குழந்தைகளை வைத்து இங்கிலாந்தில் நடந்த ஆராய்ச்சி, பரம்பரைக் கூறுகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்று காட்டியது. தாய்மார்கள் மீது சுமத்தப்பட்ட பழி அறிவியல் ரீதியாகவும் நீங்கியது.

பதினொருவர் என்ன ஆனார்கள்?

1971-ல், அந்தப் பதினொரு குழந்தைகளும் பெரியவர்களான பின், அவர்களைத் தேடிப் பார்த்து எழுதினார் கானர். நெஞ்சைச் சுடும் விவரம் அது. பெரிய சர்க்கார் விடுதிகளில் அடைக்கப்பட்டவர்கள் இருந்த திறமையையும் இழந்திருந்தார்கள். ஆயுள் தண்டனைக்கு ஒப்பானது அது என்று கானர் வருந்தினார்.

ஆனால் டொனால்டின் கதை வேறு. அவனைச் சில ஆண்டுகள் ஒரு விவசாயத் தம்பதியிடம் விட்டார்கள். எண்ணிக்கொண்டே இருக்கும் பையனை அந்த விவசாயி தடுக்கவில்லை. சோளக் கொல்லையில் உழவு வரிசைகளை எண்ணச் சொன்னார். எண்ணியபடியே குதிரை பூட்டி உழுதான் டொனால்டு. பின்னர் கல்லூரியில் படித்து 1958-ல் பட்டம் பெற்றார். சொந்த ஊர் வங்கியில் வேலை பார்த்தார். கார் ஓட்டினார், கோல்ப் ஆடினார், பல நாடுகளைச் சுற்றி வந்தார். 2023-ல் தமது 89-வது வயதில் காலமானார். ஊரார் அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டதே அந்த வாழ்வின் ரகசியம்.

லியோ கானர் 1959-ல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகும் எழுதினார், கற்பித்தார். 1981-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி மேரிலாந்து மாநிலத்தில், 86-வது வயதில் இயற்கை எய்தினார்.

அவர் விட்டுச்சென்ற வேலை

அபூர்வமான நிலை என்று கானர் கருதியது அவ்வளவு அபூர்வம் அல்ல என்பதை, ஆட்டிசம் உள்ள மகளைப் பெற்ற தாயும் மனநல மருத்துவருமான லார்னா விங் போன்றவர்கள் பின்னர் நிலைநாட்டினார்கள். லேசானது முதல் கடுமையானது வரை அதில் பல படிகள் உண்டு. அந்தக் குழந்தைகளைக் கண்டுபிடிக்க 33 பக்கக் கடிதம் இன்று வேண்டியதில்லை. 16 முதல் 30 மாதம் வரை உள்ள குழந்தைகளுக்கென இருபது கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. பெற்றோர் ஆம், இல்லை என்று பதில் எழுதினால் போதும். சில நிமிட வேலை. 18-வது மாதத்திலும் 24-வது மாதத்திலும் எல்லாக் குழந்தைகளையும் இவ்வாறு பார்த்துவிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர்கள் சங்கம் சொல்கிறது. நோய் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தபின் அல்ல. தடுப்பூசிக்கு வரும் எல்லாக் குழந்தைகளையும்.

கேள்விகள் எளியவை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா? வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா? தான் கண்ட அதிசயத்தை அம்மாவுக்கும் காட்ட வேண்டும் என்று சுட்டுகிறதா? நாம் சுட்டும் திசையில் பார்க்கிறதா? சொப்பு வைத்துச் சமைப்பதாகப் பாவனை செய்கிறதா? இது சல்லடைதான், தீர்ப்பு அல்ல. இதில் நிற்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆட்டிசம் என்று பொருள் இல்லை. மேற்கொண்டு நிபுணர் பார்க்கவேண்டும், காதையும் சோதிக்கவேண்டும் என்றே பொருள். சல்லடையில் தப்பிவிடும் குழந்தைகளும் உண்டு. பெற்றோருக்குச் சந்தேகம் தீரவில்லையானால் மறுபடி கேட்பதில் தவறில்லை.

நம் நாட்டில் 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பார்க்கப்படும் குறைகளில் ஆட்டிசமும் அடங்கும். 2016-ல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதை அங்கீகரிக்கிறது.

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்கள் ஒன்றை மனத்தில் கொள்ளவேண்டும். வீட்டில் தமிழ், தெருவில் வேறு மொழி, பள்ளியில் ஆங்கிலம். அதனால்தான் பிள்ளை பேசத் தாமதிக்கிறது என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். தாத்தாவும் லேட்டாகத்தான் பேசினார் என்று பாட்டியும் சொல்வார். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் வருவதில்லை. விரல் நீட்டுவதற்கும், முகம் பார்த்துச் சிரிப்பதற்கும் மொழி வேண்டியதும் இல்லை. மொழியின் மேல் பழியைப் போட்டு ஓராண்டு காத்திருந்தால், பயிற்சிக்கு மிகவும் உகந்த ஓராண்டு போய்விடுகிறது. பிள்ளையிடம் தமிழில் பேசுவதை நிறுத்தவும் வேண்டாம். டாக்டரிடம் கேட்பதைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

அடுத்த முறை தடுப்பூசிக்குப் போகும்போது, எடையும் உயரமும் பார்த்தபின் எழுந்துவிடாதீர்கள். குழந்தை எப்படி விளையாடுகிறது, யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதையும் சொல்லுங்கள். ஒரு தகப்பனின் கடிதத்தைப் பொறுமையாகப் படித்த டாக்டரால்தான் இத்தனையும் உலகுக்குத் தெரியவந்தது. கவனித்துச் சொல்லும் பெற்றோரும், காது கொடுத்துக் கேட்கும் டாக்டரும் சேர்ந்தால், பேசாத குழந்தைக்கும் வழி பிறக்கும்.